தீவகத்து வெயிலும் வீட்டு மருந்தும்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது பழமொழி. இதன் முழுப் பொருளையும் அறிய விரும்புவோர் சித்திரை மாதத்து நண்பகலில் நெடுந்தீவு வெளியிலே சிறிது நேரம் நின்று பார்த்தல் வேண்டும். காலின் கீழே முருகைக்கல், முன்னே வெண்மணல், அப்பாற் கண்கூசப் பளபளக்கும் கடல், தலைக்கு மேலே முகிலற்ற வானம். பனைகள் உண்டு. ஆயினும் உச்சிவேளையிற் பனையின் நிழல் ஒருவருடைய தோளை மறைப்பதற்கும் போதாது.

பண்டைத் தமிழ் இலக்கண நூலார் நிலத்தை ஐந்திணையாக வகுத்து, பாலைக்கு வேனிற் காலத்தையும் நண்பகலையும், நெய்தலுக்கு எற்பாட்டையும் உரிமையாக்கினர். நம் தீவகம் நெய்தல் நிலம். எனினும் சித்திரை வைகாசியில் அந்நெய்தலிலே பாலையின் நண்பகல் வந்து குடிகொள்கின்றது. இவ்வாறு ஒரு நிலத்தின் கடலும் இன்னொரு நிலத்தின் வெயிலும் கூடிய இடத்திலே கரைவலை இழுத்தோரும், துலாவிலேறி நடந்து தோட்டம் இறைத்தோரும், வெளியிலே மாடு மேய்த்தோரும், நயினை நாகபூசணி அம்பாளின் வீதியை வெறுமேனியுடன் வலம் வந்தோரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றனர். வெயில் அவர்களுடைய தோலைச் சுட்டபோது என்ன செய்தனர்? எதைப் பூசினர்? எதைக் குடித்தனர்? அவற்றுட் பயன் தந்தவை எவை? இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசர்களின் முடிசூட்டும் போர்களுமே வரலாறு என்று பாடப்புத்தகங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அடுக்களையிலும் அம்மியிலும் வேலியோரத்துக் கற்றாழையிலும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதி வைத்தவர் சிலரே, கைக்கொண்டவர் அனைவரும்.

நிழல் மறையும் நாள்

யாழ்ப்பாணமும் அதனைச் சார்ந்த தீவுகளும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9½ பாகையில் அமைந்துள்ளன. ஆதலின் சூரியன் ஆண்டிலே இருமுறை நமது உச்சிக்கு நேரே வருகின்றது. ஒருமுறை ஏப்ரல் மாத நடுப்பகுதியில். மறுமுறை ஆகஸ்ட் மாத இறுதியில். ஏப்ரலில் அந்நாட்களிலே, மணிக்கூட்டில் 12 மணி 10 நிமிட அளவில், நிலத்தில் நேராக நாட்டிய கோலுக்கு நிழலே இராது. மாணவர் எவரும் தம் வீட்டு முற்றத்திலே ஒரு தடியை நாட்டி இதனைக் கண்டுகொள்ளலாம்.

ஏப்ரல் நடுப்பகுதி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது சித்திரைப் புத்தாண்டு. அன்று நாம் மருத்துநீர் வைத்து ஸ்நானம் செய்கின்றோம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன சேர்த்துக் காய்ச்சிய நீர் அது. ஆலயங்களில் அதனை வழங்குவதும், பெரியோர் பிள்ளைகளின் உச்சியில் வைப்பதும் இன்றும் நிலைபெற்றுள்ள வழக்கம். ஆண்டிலே சூரியன் நம் உச்சிக்கு வரும் நாட்களும், நம் உச்சியிலே மருத்துநீர் வைக்கும் நாளும் அருகருகே அமைந்திருத்தல் சிந்திக்கத் தக்கது.

ஆயினும் வரலாறு கற்போர் இவ்விடத்தில் அவசரப்படலாகாது. வெயிலுக்கென்றே முன்னோர் இந்நாளைத் தேர்ந்தனர் எனச் சாதிப்பது பொருந்தாது. நமது புத்தாண்டு சூரியன் மேட இராசியிற் புகும் நாளைக் கொண்டு கணிக்கப்படுவது. அயன சலனத்தினால் அந்நாள் பருவத்தோடு ஒப்பிடுமிடத்து ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளிச் செல்கின்றது. எனவே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விரு நாட்களும் இவ்வளவு நெருங்கியிருக்கவில்லை. இந்நெருக்கம் நம் காலத்துக்கு வாய்த்தது. வேனில் தொடங்கும்போது உடலைக் கழுவிக் குளிர்வித்து ஆண்டைத் தொடங்கும் நல்வழக்கம் மட்டும் பழமையானது. இவ்வாறு உண்மையையும் ஊகத்தையும் பிரித்துக் கொள்ளுதல் மருந்துகளைப் பற்றி ஆராயும்போதும் நமக்கு உதவும்.

நன்னீர் அரிதான நாடு

வெயில் சுட்ட தோலுக்கு முதன் மருந்து குளிர்ந்த நன்னீர். தீவகத்தில் அரிதாய் இருந்ததும் அதுவே. நாற்புறமும் கடல் இருந்தும் அந்நீர் எரிகின்ற தோலிற் பட்டால் எரிவை மிகுவிக்கும். கிணறுகள் பலவற்றின் நீரோ உவர். நெடுந்தீவிலே சாறாப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர் பெற்றமைக்கு ஏனைய இடங்களின் உவரே காரணம். தலையிற் குடமும் இடுப்பிற் குடமுமாக நெடுந்தூரம் நடந்து நீர் கொணர்ந்த பெண்கள், அந்நீரை மேனியிலே தாராளமாக வார்த்துக் கொண்டிருக்க இயலாது.

இவ்வறுமையே தீவகத்து வீட்டு மருந்துக்குத் தனி வடிவம் கொடுத்தது எனலாம். அரிசி கழுவிய நீர் வீசப்படவில்லை. அது எரிகின்ற தோளை நனைக்க உதவியது. பழஞ்சோற்றுத் தண்ணீர் வயிற்றையும் குளிர்வித்தது. துணியில் நனைத்துப் போட்டாற் புறத்தோலையும் குளிர்வித்தது. மாடு வைத்திருந்த வீடுகளில் மோர் இருந்தது. பனையிலிருந்து நுங்கும் கருப்பநீரும் கிடைத்தன. வேலியோரத்து மணலிலே, மழையை எதிர்பாராத கற்றாழை தன் தடித்த மடல்களுக்குள் நீரைச் சேர்த்து வைத்திருந்தது. ஊன்றி நோக்கின் இவையனைத்தும் நீரின் வேறு வேறு வடிவங்களே. கிணற்றில் அரிதான நன்னீரை முன்னோர் பானையிலும் பனையிலும் கற்றாழையிலும் தேடிக்கொண்டனர்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

வீட்டு வைத்தியத்துக்குப் பின்னணியாக யாழ்ப்பாணத்திலே ஏட்டு வைத்தியம் ஒன்று வளர்ந்திருந்தது. யாழ்ப்பாண இராச்சியத்து ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிச் சூடினர். அப்பெயர்களைத் தாங்கிய இரு மருத்துவ நூல்கள் செகராசசேகரமும் பரராசசேகரமும் ஆகும். 1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடம் இராச்சியம் வீழ்ந்த பின்னரும் இந்நூல்கள் வைத்திய பரம்பரைகளின் வீடுகளிலே ஏடுகளாய் நிலைத்தன. ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, பரராசசேகரத்தை 1928ஆம் ஆண்டு தொடக்கம் ஏழு பாகங்களாக அச்சேற்றினார். ஒரு தனி மனிதரின் உழைப்பு இல்லையேல் அவ்வறிவின் பெரும்பகுதி செல்லுக்கு இரையாகியிருக்கும்.

நமது பழைய மருத்துவம் உடலை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் நிலைகொண்டு நோக்கும். வெயிலினால் மிகுவது அழல். எனவே அதனைத் தணிக்கும் குளிர்ச்சிப் பொருள்களை உள்ளும் புறமும் கொடுத்தல் முறை. சந்தனம், வெட்டிவேர், இளநீர், மோர், கற்றாழை ஆகியவை அவ்வகையின. ஏட்டு வைத்தியரின் இவ்விதியும் ஆச்சியின் கைமருந்தும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன. ஆச்சிக்கு அழல் என்ற சொல் தெரியாதிருக்கலாம். "உடம்பு கொதிக்குது, மோர் குடி" என்று சொல்லத் தெரியும்.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. குளிர்நாட்டுப் பெயர் சூட்டியதனால் வெயில் குறைந்துவிடவில்லை. அவர்கள் நம் நாட்டு மூலிகைகளையும் நாடினர். ஒல்லாந்தக் கும்பனியின் வைத்தியராக 1672ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த பவுல் ஹேர்மன் திரட்டிய செடிகளைக் கொண்டே, தாவரவியல் மேதை லின்னேயஸ் 1747ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார். நம் வேலியோரத்துச் செடிகளின் பெயர் ஐரோப்பிய ஏட்டில் ஏறியது இவ்வாறே.

தமிழிலே மருத்துவக் கல்வி

இவ்வரலாற்றில் அடுத்து நினைக்கத்தக்கவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் பணிபுரிந்து, நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர் 1864ஆம் ஆண்டு தொடக்கம் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டோர். 1873ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை விடாது செய்து 1884ஆம் ஆண்டில் மறைந்தார். மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது. மிசன் பாடசாலையிற் பயின்ற என் போன்றோருக்கு அப்பெயர் பழக்கமானது. அவருடைய நூல்களைப் புரட்டிப் பார்த்தோர் மிகச் சிலரே.

அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என அவர் தந்த நூல்கள் பல. அவற்றுள் நம் பொருளுக்கு மிக அணித்தானது இந்து பதார்த்த சாரம் என்பது. வேறிங் என்பவர் தொகுத்து 1868ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருந்துப் பொருட் களஞ்சியத்தைத் தழுவியது அது. அங்கே நம் நாட்டு மூலிகைகளும் மேனாட்டு மருந்துகளும் ஒரே வரிசையில் வைத்து ஆராயப்பட்டன.

இதன் சிறப்பு யாது? "இது நம்முடையதா, அந்நியருடையதா?" என்ற கேள்வி பின்னே செல்ல, "இது பயன் தருமா? எவ்வாறு தருகின்றது? எந்த அளவில் தீங்கு செய்யும்?" என்ற கேள்விகள் முன்னே வந்தன. அதுவும் தமிழிலேயே வந்தன. சமயத்தால் அவரோடு வேறுபட்டோரும் இத்தமிழ்ப் பணியை மறுத்தற்கில்லை. ஏழாலையிலே பழைய ஏட்டை அச்சேற்றியவரும், மானிப்பாயிலே புதிய நூலைத் தமிழாக்கியவரும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே பணியைச் செய்தவர்களே. இருவரும் மருத்துவ அறிவைத் தமிழர் தம் மொழியிற் படித்துத் தாமே தீர்மானிக்க வழிசெய்தனர்.

சுடுவது வெப்பமா, கதிரா?

வெயில் தோலைச் சுடுகின்றது என்கின்றோம். அடுப்பு நெருப்புச் சுடுவது போலவா அது சுடுகின்றது? அன்று. இதனைக் கண்டறிய மேனாட்டு அறிஞருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. 1801ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் றிற்றர், ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத கதிர் உண்டு எனக் கண்டார். 1858ஆம் ஆண்டிற் பிரான்சிய வைத்தியர் ஷார்க்கோ, மின்வில் விளக்கின் ஒளி பட்டோருக்கு வெயில் சுட்டது போன்ற எரிவு உண்டானதை எடுத்துரைத்தார். 1889ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு விட்மார்க், வெப்பக் கதிர்களை வேறு பிரித்து நீக்கிய பின்னரும் தோல் எரிவதைக் காட்டி, ஊதாக் கடந்த கதிரே அதற்குக் காரணம் என நிறுவினார். பின்னர் நோபல் பரிசு (1903) பெற்ற டென்மார்க் வைத்தியர் பின்சன், தம் கையிலே கருமையால் ஒரு பட்டை தீட்டி வெயிலிற் பிடித்தார். மை பூசிய இடம் தப்பியது. சூழ இருந்த தோல் சிவந்தது. கருமை தோலுக்குக் காவல் என்பது இதனால் விளங்கியது.

நமது கரிய நிறம் இறைவன் தந்த குடை. ஆயினும் அக்குடையிலும் துளைகள் உண்டு. கரியமேனியருக்கு வெயில் எரிவு வராது என்பது தவறான எண்ணம். சிவப்பு வெளிப்படையாகத் தோன்றாது. தோல் கொதிக்கும், தொட்டால் நோகும், கறுக்கும், சில நாளில் உரியும். கதிர் பட்ட உடனே இவ்வெரிவு தோன்றுவதில்லை. மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் தொடங்கி, அரை நாள் முதல் ஒரு நாளைக்குள் உச்சமடையும். பகலெல்லாம் கடலில் நின்றவர் இரவிலே பாயில் முதுகு வைக்க இயலாது தவிப்பது இதனாலேயே. வெயில் எரிவுக்கு மருந்து பெரும்பாலும் மாலையில் வீட்டுப் பெண்களின் கையால் நடந்தமைக்கும் இதுவே காரணம்.

இன்னொன்றும் அறியத் தக்கது. தீவகத்திற் சோளகக் காற்று வீசும்போது வெக்கை தெரிவதில்லை. "இன்று வெயில் இல்லை" என்று ஏமாறுவோம். காற்று வியர்வையை உலர்த்துமேயன்றிக் கதிரைத் தடுக்காது. மெல்லிய முகிலும் அதனை முற்றாகத் தடுக்காது. உலர்ந்த மணல் தன்மேற் படும் கதிரில் ஏறக்குறைய 15 வீதத்தையும், கடல் நுரை ஏறக்குறைய 25 வீதத்தையும் திருப்பி வீசும் என்பர். ஆகவே வள்ளத்தில் இருப்பவரை வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் தாக்குகின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கதிர்ச் சுட்டெண்ணில் 11உம் அதற்கு மேலும் மிகக் கடுமையானவை. தெளிந்த வானமுள்ள சித்திரை நண்பகலில் நம் பகுதியின் எண் அதனைத் தாண்டிவிடும்.

மருந்துகளை நிறுத்துப் பார்த்தல்

இனி, கைமருந்துகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

கற்றாழை: வீட்டு மருந்துகளுள் முதலிடம் பெறத்தக்கது. மடலை வெட்டியவுடன் வடியும் மஞ்சட் பால் வேறு. உள்ளேயிருக்கும் தெளிந்த சோறு வேறு. மஞ்சட் பாலை உலர்த்தியதே கடைகளிற் கரியபோளம் எனப்படுவது; அது பேதி மருந்து; தோலையும் உறுத்தும். ஆகவே மடலைச் சாய்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவிய பின்னரே பூசுதல் வேண்டும். ஆச்சிமார் "ஏழு தண்ணீரிற் கழுவு" என்றதன் பொருள் இதுவே. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே எக்ஸ்-கதிரினாற் புண்பட்ட தோலுக்குக் கற்றாழை மடலைப் பயன்படுத்தி நலங் கண்டதாக வைத்தியர் இருவர் எழுதினர். அதன் பின்னரே மேனாட்டார் இதன்மேல் மிகுந்த கவனம் செலுத்தினர்.

மோரும் பாலும்: உப்பிடாத குளிர்ந்த மோரிலோ பாலிலோ மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பத்து நிமிடம் போட்டு, பின் நன்னீராற் கழுவுதல் நன்று. நீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுசெல்கின்றது. கொப்புளம் உடைந்த இடத்தில் இதனைப் போடலாகாது, கிருமி புகும்.

அரிசி கழுவிய நீர்: அதிலுள்ள மாப்பொருள் தோலின்மேல் மெல்லிய படையாகப் படிந்து அரிப்பையும் எரிவையும் தணிக்கின்றது. மேனாட்டார் இதே நோக்குடன் ஓட்ஸ் மாவை நீரிற் கரைத்துக் குளிக்கின்றனர். புதிதாகக் கழுவிய நீரே வேண்டும், புளித்தது ஆகாது.

சந்தனம்: உரைத்த ஈரச் சந்தனம் குளிர்ச்சி தரும். அக்குளிர்ச்சியிற் பெரும்பங்கு அதிலுள்ள நீருக்கு உரியது. காய்ந்து இறுகிய பின் தோலை இழுத்து நோவு தரும். ஆகவே காயுமுன் கழுவுதல் வேண்டும். கட்டையில் உரைத்ததே நன்று. கடைத்தூளிற் கலப்படம் மிகுதி.

நுங்கு, இளநீர், கருப்பநீர், கூழ்: இவை உள்மருந்துகள். வெயிலிற் காய்ந்த உடலுக்கு இழந்த நீரையும் உப்பையும் மீட்பது பூச்சு மருந்திலும் முக்கியமானது. நுங்கு நீரை மேனியிற் பூசுவதும் உண்டு. அது வியர்க்குருவுக்கு இதந்தரும். வியர்க்குரு வேறு, வெயில் எரிவு வேறு என்பதை மறத்தலாகாது.

தேங்காயெண்ணெய்: இதற்குக் காலம் பார்த்தல் வேண்டும். தோல் கொதிக்கும்போதே எண்ணெய் பூசினாற் சூடு வெளியேறாது. சூடு ஆறிய பின், தோல் உலர்ந்து உரியத் தொடங்கும்போது மெல்லப் பூசினால் ஈரத்தைக் காக்கும். சுண்ணாம்புத் தெளிநீரும் எண்ணெயும் சமமாய்க் கலந்து பூசும் முறை ஒருகாலத்தில் மேனாட்டு மருந்து நூல்களிலும் இடம்பெற்றிருந்தது. இன்று அது கைவிடப்பட்டுவிட்டது.

விலக்க வேண்டியவை

பழமையானவை யாவும் நல்லன அல்ல, புதியனவும் அவ்வாறே. தேசிக்காய்ப் புளியைத் தோலிற் பூசி வெயிலிற் செல்வது பெருந்தீங்கு. தேசிக்காயிலுள்ள சில பொருள்கள் வெயிற் கதிரோடு சேர்ந்து கொப்புளமும் நெடுநாள் மறையாத கறுப்புத் தழும்பும் உண்டாக்கும். தேசிக்காய் தேய்த்து முழுகுவோர் நன்றாகக் கழுவிய பின்னரே வெயிலில் இறங்குதல் வேண்டும். கடலிலிருந்து வருவோர் மீன் பெட்டியின் ஐஸ் கட்டியை எரிகின்ற தோளில் வைப்பதுண்டு. ஐஸ் நேரே பட்டால் நொந்த தோல் மேலும் பழுதாகும். பற்பசை பூசுதல் இக்காலத்து மூடவழக்கம். கொப்புளத்தை ஊசியாற் குத்துதலும் ஆகாது. எலிக்காய்ச்சலைத் தடுக்க வயல் வேலை செய்வோருக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் போன்ற சில மாத்திரைகள் வெயில் எரிவை எளிதில் உண்டாக்கும். அவற்றை உட்கொள்வோர் வெயிலுக்கு மிகவும் அஞ்சுதல் வேண்டும்.

வெயிலுக்குப் பின் "கறுத்துப் போனேன்" என்று வருந்தி வெளுப்புக் களிம்பு தேடும் இளைஞரையும் யுவதிகளையும் இன்று காண்கின்றோம். நம் ஆச்சிமார் கற்றாழை பூசியது எரிவு தணிய. நிறம் மாற அன்று. வெளுப்புக் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்டு, 2013ஆம் ஆண்டு மினமாற்றா உடன்படிக்கையின் கீழ் அத்தகையவற்றின் உற்பத்தியை 2020ஆம் ஆண்டுடன் நிறுத்த நாடுகள் இணங்கின. நம்மைக் காக்கும் குடையை நாமே கிழிப்பது அறிவாகாது.

இன்னும், வீட்டு மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. பெரும் பரப்பிற் கொப்புளம், காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்று, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றினாலோ, எரிவு குழந்தைக்கு ஏற்பட்டாலோ, தாமதியாது ஊர்காவற்றுறைக்கோ நெடுந்தீவுக்கோ அருகிலுள்ள வேறெந்த வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுதல் வேண்டும். இதுகாறும் கூறிய மருந்துகள் எரிவைத் தணிப்பன. கதிர் தோலினுள்ளே செய்துவிட்ட ஊறை இல்லையாக்குவன அல்ல. எனவே வருமுன் காத்தலே சிறந்தது.

அதற்கும் முன்னோர் வழக்கிலேயே ஓர் அளவுகோல் உண்டு. மணிக்கூடு இல்லாத நாளிலே தம் நிழலைத் தாமே அடியால் அளந்து நேரம் கண்டனர். இன்று உலகெங்கும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும் வெயிற்காவல் விதியும் அதுவே: உன் நிழல் உன் உயரத்திலும் குறுகிவிட்டால், நிழலைத் தேடு. விடியற்புறத்திலே தோட்டத்துக்குச் சென்று, வெயில் ஏறுமுன் திரும்பி, மாலையில் மீண்டும் இறங்கிய நம் கமக்காரரும், பனையோலைத் தொப்பியும் தலைத்துண்டும் இன்றிக் கடலுக்குப் போகாத நம் கடற்றொழிலாளரும் இவ்விதியை ஏட்டில் எழுதாமலே வாழ்ந்து காட்டினர்.

நம் கடன்

1990ஆம் ஆண்டிலே போரினாற் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் குடாநாட்டிலும் கொழும்பிலும், கடல் கடந்த நாடுகளிலும் வாழத் தலைப்பட்டனர். திரும்பி வந்தோர் கண்டது கூரையற்ற வீடுகளையும் தூர்ந்த கிணறுகளையும். வீடு கட்டலாம்; கிணறு இறைக்கலாம். "இந்தச் செடி எதற்கு?" என்று கேட்டால் விடை சொல்ல ஆச்சி இல்லாத முற்றத்தை எவ்வாறு நிரப்புவது? கற்றாழை வேலியோரத்திலே தானே தழைத்து நிற்கின்றது. அதன் மஞ்சட் பாலை வடியவிட வேண்டும் என்று சொல்லும் வாய்தான் அருகிவருகின்றது. செடி நிலைத்து அறிவு மறைவதிலும் பெரிய வறுமை வேறில்லை.

ஆதலின் இளைஞராகிய நாம் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, நம் ஊர்ப் பெரியோரிடம் கைமருந்துகளைக் கேட்டு, சொன்னவாறே எழுதி வைத்தல். பொன்னையாபிள்ளை அவர்கள் ஏடு தேடியது போல நாம் நினைவுகளைத் தேடுதல் வேண்டும். இரண்டாவது, எழுதியவற்றைக் கைதடியிலே சித்த மருத்துவம் கற்போரிடமும், மேனாட்டு மருத்துவம் கற்போரிடமும் காட்டி, கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பகுத்தறிதல். கிறீன் காட்டிய வழி அது. மூன்றாவது, தொண்டு. ஆனி மாதத்திலே நயினாதீவுப் பெருந்திருவிழாவுக்கு வரும் அடியார்கள் குறிகட்டுவான் துறையிலும் வள்ளத்திலும் வீதியிலும் வெயிலிலே நிற்கின்றனர். தண்ணீர்ப் பந்தல் நம் சமயத்தோடு பிறந்த அறம். அங்கே மோர் வார்ப்பதோடு, சிறிது கிடுகு நிழலும், நனைத்த பருத்தித் துணியும், மயங்கியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இருவரும் ஆயத்தமாய் இருப்பின் அத்தொண்டு இரட்டிப்பாகும். சுடுமணலில் வெறுங்காலுடன் நடக்கும் முதியவர்க்கு வீதியிலே நீர் தெளித்து வைத்தல் சிறு பணியாயினும் பெரும் புண்ணியம்.

நான்காவதும் ஒன்றுண்டு, அது மரம். நட்டவர் நிழலில் இருப்பதில்லை என்பர். வேம்பும் பூவரசும் தீவகத்து மண்ணை வெறுப்பன அல்ல. துறையிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து பாடசாலைக்கும் செல்லும் வழிகளில் ஆண்டுக்குப் பத்து மரம் நட்டுக் காத்தாலும், இன்னும் இருபது ஆண்டிலே சித்திரை உச்சிவேளையிலும் நம் தம்பி தங்கையர் நிழலிலே நடந்து செல்வர். மேனியிற் பூசும் மருந்துகளைப் பெரியோர் நமக்குத் தந்து சென்றனர். பூசவேண்டிய தேவை குறையும்படி நிழல் அமைத்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.